பதினேழா, தொண்ணூற்றிரண்டா

ஹைதராபாத்
4 ஜூன் 2025

செல்விக்கு,

நலமா? பனவடலிசத்திரத்தில் அம்மா எப்படி இருக்கிறார்கள்? நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். ஆபீஸ் மெயிலில் எழுதினால் ஒவ்வொரு வரியும் ஆவணமாகிவிடும். அது உனக்கும் நல்லதில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மிட்டாய்க்கான மாதுளைச் சிவப்பு ஸ்டடியில், ஜனவரி 21-ஆம் தேதிக்கு உரியது. அன்று நீ இரண்டு ஜாடிகளுக்குப் புது லேபிள் எழுதினாய். அதற்கு உன் கையெழுத்தோடு குறிப்பு எதுவும் இல்லை. “பழைய லேபிளைப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து எழுதினேன்” என்று நானே டைப் செய்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போட்டு, ஜனவரி 21 என்று தேதியிட்டு அனுப்பினால் போதும். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் உள்ளே இருக்கிறது.

30-ஆம் தேதி கம்பெனி நம் ரிப்போர்ட்டை அரசாங்கத்திடம் கொடுக்கிறது. அதற்கு முன் குவாலிட்டி பிரிவு மெஹர்பானு மேடம் ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறார். நான் ஸ்டடி டைரக்டராகச் செய்த முதல் ஸ்டடி இது என்பது உனக்குத் தெரியும்.

மார்ச்சில் நாம் பேசிக்கொண்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. இருவருக்குமே கோபம்.

அன்புடன்
ஹெலன் அக்கா


சங்கரன்கோவில்
11 ஜூன் 2025

டாக்டர் ஹெலன் அவர்களுக்கு,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

எந்தப் பழைய லேபிளைப் பார்த்தேன்? அதில் எழுத்தே இல்லையே. நடந்தது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறு தாய் எலிகள். சினையான ஆறாம் நாளிலிருந்து சிலவற்றுக்கு வெறும் தண்ணீர், மற்றவற்றுக்குக் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக அந்தச் சிவப்பு. இருபதாம் நாள் குட்டிகளை வெளியே எடுத்தோம். ஒவ்வொரு தாயின் குட்டிகளிலும் பாதி என் ஜாடிகளுக்கு வந்தன. சதை பொட்டாஷ் காரத்தில் கரைந்து, எலும்பு மட்டும் வேறொரு சாயம் ஏறிச் சிவப்பாகத் தெரியும். எந்தத் தாய்க்கு என்ன கொடுத்தோம் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எண் மட்டும்தான்.

ஜனவரி 21 அன்று இரண்டு ஜாடிகளில் எண் அழிந்திருந்தது. மிச்சமிருந்த எண்கள் பதினேழும் தொண்ணூற்றிரண்டும். இரண்டிலும் ஆறாறு குட்டிகள். உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏட்டி, இதுல எது பதினேழு?” என்று கேட்டீர்கள். இடப்பக்கம் இருந்ததுதான் என்று முடிவாகி, லேபிள் எழுதினோம்.

அந்த ஜாடியில்தான் நான்கு குட்டிகளுக்கு விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வேறு இரண்டு ஜாடிகளிலும் அதே குறை. மார்ச்சில் எண்களின் மூடிய பட்டியலைப் பிரித்தபோது, அந்த இரண்டும் அதிகச் சிவப்பு தின்ற தாய்கள். பதினேழு வெறும் தண்ணீர் குடித்த தாய். “சிவப்பு படாத தாய்க்கும் இந்தக் குறை வந்திருக்கிறது, ஆகவே சிவப்பு காரணமில்லை” என்று எழுதினீர்கள். ஆனால் தொண்ணூற்றிரண்டும் அதிகச் சிவப்பு தின்ற தாய்தான். அந்த ஜாடி தொண்ணூற்றிரண்டாக இருந்தால் மூன்றும் ஒரே பக்கம். தண்ணீர்ப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

அதைத்தான் அன்று சொன்னேன். “அது பதினேழுதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதுக்கா.” நீங்கள் என்ன சொன்னீர்கள்? “ரிசல்ட்ட பாத்தபொறவு பேச்ச மாத்துத. இது டெஸ்டிங் லேப், உங்க ஊரு சந்தையில்ல.” எங்கள் ஊர்தான் உங்கள் ஊரும்.

அதையே நான் எழுதிக் கொடுத்த சீட்டையும் உங்கள் டிராயரில் போட்டீர்கள். மறுநாள் நான் பெட்டியைக் கட்டினேன்.

இங்கே கழுகுமலை ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இனி இது பற்றி எழுத வேண்டாம்.

இசக்கிசெல்வி


ஹைதராபாத்
16 ஜூன் 2025

செல்வி,

“முடிவாகி” என்று எழுதியிருக்கிறாய். யார் முடிவு செய்தது? நான் கேட்டேன். நீ சொன்னாய். “இதுதான் பதினேழு” என்றது உன் வாய். நான் அந்த ஜாடியை அதற்கு முன் கையில்கூட எடுத்ததில்லை.

லேபிள் ஏன் அழிந்தது என்பதை உன் நீளமான கடிதத்தில் எங்குமே காணோம். நான் எழுதட்டுமா? பொட்டாஷில் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்று சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லித் தருகிறோம். நீ அந்த இரண்டு சீட்டையும் பேனாவால் எழுதினாய். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. விசாரணை என்று வந்தால் முதலில் கேட்கப்போவது என்னையல்ல.

நீ நினைப்பது போல் நான் யாருக்கும் விலைபோகவில்லை. அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவை யோசித்துப் பார். ஒரு குழந்தை நாள் முழுக்க ஜெல்லி மிட்டாய் தின்றாலும் அதில் நூறில் ஒரு பங்கு வராது. இருபத்துநான்கு தாய்களில் இரண்டுக்கோ மூன்றுக்கோ இப்படி ஆவது எந்தச் சிவப்பும் இல்லாமலேகூட நடக்கக்கூடியது. நீ ஒரு ஜாடியைப் பார்க்கிறாய். நான் முழு ஸ்டடியையும் பார்க்கிறேன்.

உன் அனுபவச் சான்றிதழ் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மதுரையில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஆள் எடுக்கப்போவதாகவும், நீ விண்ணப்பிக்கப்போவதாகவும் கேள்விப்பட்டேன். நான் நிறுத்தி வைக்கவில்லை. ஆனால் ஸ்டடி முடியாமல் அதில் நான் என்ன எழுதுவது?

அதே தாளில் இன்னொரு பிரதி அனுப்புகிறேன்.

ஹெலன்


சங்கரன்கோவில்
21 ஜூன் 2025

ஹெலன் அக்காவுக்கு,

பேனாதான். நான்தான் எழுதினேன். பென்சில் மொட்டையாக இருந்தது; அடுத்த அறைக்குப் போய்ச் சீவி வரச் சோம்பல். அதைப் போன கடிதத்தில் எழுதாமல் விட்டது தப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை இங்கே ஒன்று நடந்தது. ரசீதா என்று ஏழு மாதக் கர்ப்பிணி, திருவேங்கடம் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்திருந்தார். அவருக்கும் இன்னொரு அம்மாவுக்கும் அடுத்தடுத்து ரத்தம் எடுத்தேன். கூட்டம் நெருக்கியதில் பெயர் எழுதாமல் இரண்டு டியூபையும் ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் திரும்பினால், எது யாருடையது என்று தெரியவில்லை. முதலாளி ராஜதுரை அண்ணாச்சி வந்து நின்றார்.

“எம்மா, இதுல அந்தப் புள்ளத்தாச்சி ரத்தம் எது?”

வாயில் “இதுதான்” என்று வந்துவிட்டது. கை ஒரு டியூபைத் தொட்டும் விட்டது. அப்புறம் சொன்னேன்: “தெரியல அண்ணாச்சி. ரெண்டு பேருக்கும் திரும்பத்தான் எடுக்கணும்.”

எல்லார் முன்னாலும் வைதார். “எத்தன தடவ சொல்லுதேன், பேர எழுதிட்டுக் குத்துன்னு!” அந்தப் பெண் முனகிக்கொண்டே இன்னொரு கையை நீட்டினார். ஐந்து நிமிஷம், வேறொன்றும் ஆகவில்லை.

ஜனவரியில் எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை அக்கா. “இதுதான் பதினேழு” என்று சொன்னது நான்தான். எனக்குத் தெரியாது. சேர்ந்து ஏழு மாதம். தெரியாது என்றால் அனுப்பிவிடுவார்கள் என்று பயம். உங்கள் முகத்தைப் பார்த்தேன், நீங்கள் ஏதோ ஒரு பதிலுக்காக நின்றீர்கள், சொல்லிவிட்டேன். அதுவரை உங்கள் மேல் தப்பில்லை. மார்ச்சில் நான் வந்து உண்மையைச் சொன்ன பிறகுதான் உங்கள் தப்பு ஆரம்பிக்கிறது.

நூறில் ஒரு பங்கு என்கிறீர்கள். எந்த அளவில் எலிக்கு ஒரு குறையும் வரவில்லையோ, அதை நூறால் வகுத்துத்தானே குழந்தைக்கு இவ்வளவு தின்னலாம் என்கிறார்கள்? குறை வராத அளவையே நாம் தப்பாகச் சொன்னால் அந்த நூறு எதற்கு?

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். பேனா, பயம், மார்ச் பேச்சு, நீங்கள் அனுப்பிய தாள், எல்லாம். 26-ஆம் தேதி காலை மெஹர்பானு மேடத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் போடுவேன். அதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிட்டால், என்னுடையது இரண்டாவதாகப் போய்ச் சேரும். அதற்குத்தான் ஐந்து நாள்.

செல்வி


ஹைதராபாத்
24 ஜூன் 2025

செல்வி,

போடாதே. நான் புறப்பட்டு வருகிறேன். நேரில் பேசாமல் எதையும் செய்யாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹெலன்


சங்கரன்கோவில்
27 ஜூன் 2025

ஹெலன் அக்கா,

உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. நீங்கள் நேற்றே வந்து போய்விட்டீர்கள்.

டோக்கன் வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை, இளைத்துவிட்டீர்கள். உங்கள் முறை வந்ததும் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினீர்கள். கடையில் அண்ணாச்சி இருந்தார், பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். என்ன டெஸ்ட் என்று கேட்டேன். “சுகர்” என்றீர்கள். நான் டியூபில் பெயர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊசி ஏறும்போதுதான் கேட்டீர்கள்: “போட்டுட்டியா?”

“காலையிலயே போட்டுட்டேன்க்கா.”

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து போனீர்கள். உங்கள் பெரிய அண்ணன் வீட்டுக்காவது போவீர்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர்கள் ஹார்டுவேர் கடை வழியாகத்தான் வந்தேன். நீங்கள் வந்ததே அங்கே யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

நான் செய்தது சரியா என்று நேற்று முழுக்க யோசித்தேன். வேலை வாங்கித் தந்தவர் நீங்கள். ஹாஸ்டலில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன் போலிருக்கிறது.

சுகர் 248 இருக்கிறது. ரிசல்ட் தாள் உள்ளே இருக்கிறது. உடனே டாக்டரைப் பாருங்கள். இதை மட்டுமாவது என் பேச்சைக் கேளுங்கள்.

செல்வி


ஹைதராபாத்
14 ஜூலை 2025

செல்விக்கு,

மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். எனக்குச் சுகர் இருப்பதே தெரியாது; அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மெஹர்பானு மேடம் அறைக்குப் போனேன். கதவைத் தட்டி உள்ளே போய், ஏசி சரியாக இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி போனேன். உன் கடிதம் அவர் மேசையில் பிரித்துக் கிடந்தது. உனக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. நீ ஐந்து நாள் கொடுத்தாய். எனக்குப் போதவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மார்ச்சில் ஒரு சீட்டு கொடுத்ததாக எழுதியிருக்கிறாளே, அப்படி ஒன்று உண்டா?” இல்லை என்று சொல்லியிருக்கலாம். உன்னிடம் நகல் கிடையாது. பேனாவைக் காட்டி முழுப் பழியையும் உன் மேல் போட்டிருக்கலாம், அவரும் நம்பியிருப்பார். வாசல் வரைக்கும் அதையேதான் யோசித்துக்கொண்டு போனேன் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தச் சீட்டை நான் கிழிக்கவில்லை, செல்வி. மூன்று மாதமாக டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய் எடுத்துவந்து கொடுத்தேன். நான் டைப் செய்த தாளையும் கொடுத்தேன். அப்புறம் அவர் கேட்காததையும் சொன்னேன்.

ரிப்போர்ட் அன்றே நிறுத்தப்பட்டது. கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து கத்தினார்கள். என்னை ஸ்டடி டைரக்டர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடை போடும் பிரிவில் இருக்கிறேன். உன் பேனாவும் பதிவாகியிருக்கிறது; அதை மறைக்க முடியாது. அனுபவச் சான்றிதழை மேடமே கையெழுத்திட்டு அனுப்புவார்.

அந்த இரண்டு ஜாடிகளில் எது எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் முழுவதையும் முதலிலிருந்து செய்கிறார்கள். புதிதாகத் தொண்ணூற்றாறு தாய்கள். போன வாரம் வந்து இறங்கின. நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போட்டேன். அவை கையில் சூடாக இருக்கும், உனக்குத் தெரியும். எனக்குக் கண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்த பெண் அலர்ஜி என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெலன்


சங்கரன்கோவில்
8 ஆகஸ்ட் 2025

ஹெலன் அக்கா,

நேற்று ஆடித் தபசு. ஊரே ரோட்டில் நின்றது. கடையை மதியத்தோடு மூடிவிட்டோம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அம்மா என் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டார்கள். நான் அந்தத் தொண்ணூற்றாறுக்காக வேண்டிக்கொண்டேன். ஒன்றிலும் ஒரு குறையும் வரக்கூடாது என்று. அப்படி வந்தால் நான் எல்லாரையும் வீணாக அலைக்கழித்தவள் ஆவேன். ஆனாலும் அதைத்தான் கேட்டேன்.

சான்றிதழ் வந்தது. மாத்திரையை விடாதீர்கள்.

செல்வி


ஹைதராபாத்
12 டிசம்பர் 2025

செல்விக்கு,

நேற்று பட்டியலைப் பிரித்தார்கள்.

எலும்பு பார்த்தது முழுக்க வேறு ஆட்கள். எனக்கு அந்த அறைக்குள் போக அனுமதி இல்லை. மேடம்தான், “வந்து பின்னால் நில், உனக்குத் தெரிய வேண்டும்” என்று கூப்பிட்டார். எண்களை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் பலகையில் எழுதினார். விலா எலும்பு ஒட்டிய குட்டிகள் மொத்தம் ஆறு தாய்களிடம். முதல் எண்ணுக்கு “அதிக அளவு” என்றார்கள். இரண்டாவதும் அதிகம். மூன்றாவதும். கடைசியில் ஐந்து அதிக அளவு, ஒன்று நடுத்தர அளவு. தண்ணீர் குடித்த தாய்களிடம் ஒன்றுகூட இல்லை.

நடுத்தர அளவிலும், செல்வி. அதற்கும் மேலான அதிக அளவையே நான் குறை வராத அளவு என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். அதை வைத்துத்தான் குழந்தைகள் தின்னும் அளவைக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

நானும் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் முழங்கால் போட்டு, ஒன்றும் வரக்கூடாது என்றுதான் கேட்டேன். குழந்தைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை. ஒன்றும் வராவிட்டால் நான் செய்ததில் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஆகிவிடுமே, அதற்காக.

கம்பெனி அந்தச் சிவப்பைக் கைவிட்டுவிட்டதாக இன்று காலை மெயில் வந்திருக்கிறது. கடைக்கு ஒரு மிட்டாய்கூடப் போகவில்லை. ஒரு குழந்தையும் அதைத் தின்னவில்லை.

என்னை மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாயில்லை. நடந்தது உனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

ஹெலன்


சங்கரன்கோவில்
9 ஜனவரி 2026

ஹெலன் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நான் நினைத்தது சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட முடியவில்லை. ஒட்டிப்போன அந்த எலும்புகளை நான் கண்ணால் பார்த்தவள்.

செவ்வாய்க்கிழமை மதுரையில் இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹைதராபாத் வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். குடும்பச் சூழ்நிலை என்று சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் போகும்போது தயார் செய்து வைத்திருந்தேன். அங்கே போனதும் முழுவதையும் சொன்னேன். கம்பெனி பெயர் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன். பேனாவைச் சொன்னபோது நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதையெல்லாம் நீங்களே சொன்னால் நாங்கள் எப்படி உங்களை எடுப்பது?” என்று கேட்டார். “இங்கேயும் தப்பு செய்தால் அன்றைக்கே வந்து சொல்லுவேன் சார்” என்றேன். ஓரத்தில் இருந்த அம்மா ஏதோ எழுதிக்கொண்டார்.

அரைமணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். அப்புறம் உள்ளே கூப்பிட்டு, என்னை எடுத்துக்கொள்ள அவர்களுக்குச் சம்மதம் என்றும், ஆனால் பழைய இடத்தில் என்னோடு நேரடியாக வேலை பார்த்த ஒருவரிடம் பேசிய பிறகே ஆர்டர் தருவோம் என்றும் சொன்னார்கள். யாரிடம் பேசலாம் என்று கேட்டார்கள். மெஹர்பானு மேடம் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பற்றி நல்லதாகவே சொல்லுவார்.

உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் கூப்பிடுவார்கள். என்ன கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் அக்கா. எனக்காக ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அன்புடன்
செல்வி